டேஷ்போர்டைக் கழற்றியவர்

அவர் எதையும் முதலில் அடிப்பக்கம்தான் பார்ப்பார். தர்ஷினி ஓட்டலில் இட்லி வாங்கினால், ஸ்பூனால் அதைப் புரட்டி அடியைப் பார்த்துவிட்டுத்தான் சட்னியைத் தொடுவார். உட்காரச் சொன்னால் நாற்காலியைச் சாய்த்து அதன் காலைப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் புது ஷூ போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

"கொஞ்சம் காலத் தூக்குங்க மேடம்."

"எதுக்கு சார்?"

"சோல் தைச்சதா ஒட்டினதான்னு பாக்கணும்."

"தைச்சதுன்னுதான் கடைக்காரர் சொன்னார்."

"இருக்கட்டும்," என்றார்.

யார் எதைச் சொன்னாலும் அவருடைய பதில் இந்த 'இருக்கட்டும்'தான். நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டேன், நம்பவில்லை, அதற்காகச் சண்டையும் போடமாட்டேன், நேரம் வரும்போது நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். கேட்கிறவர்களுக்கு எரிச்சல் வரும். எனக்கும் வந்திருக்கிறது.

அவர் வாகன இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டி, எரிந்த வண்டி, தண்ணீரில் மூழ்கிய வண்டி எதுவானாலும் நேரில் போய்ப் பார்த்து, சொல்லப்பட்டபடிதான் நடந்ததா என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிற வேலை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டி டார்ச் சொருகியிருக்கும். நாள் முழுக்கப் பொய் கேட்கிற ஆள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படி மாற முடியும்? வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கிறார். நீலசந்திராவில் அவர் வீட்டுக்கு எங்கள் குரூப் ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தது. குழம்பு ஊற்றிக்கொண்டே அவர் மனைவி எங்களிடம் சொன்னார்: "என்னைப் பொண்ணு பாக்க வந்தாரு. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க, இவரு மட்டும் எங்க வீட்டுச் சுவத்துல கைய வெச்சு ஈரம் இருக்கான்னு பாக்கறாரு." எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "ஈரம் இருந்துச்சு," என்றார்.

குரூப் என்று சொன்னது, பெங்களூரைச் சுற்றியுள்ள மண் பாதைகளிலும் பாறைச் சரிவுகளிலும் ஓடைகளிலும் ஜீப்பை இறக்கி ஏற்றுகிறவர்களின் கூட்டம். நான் குடியாத்தத்திலிருந்து வந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை செய்துகொண்டிருந்தவள். கல்யாணத்துக்குச் சேர்த்த நகையை எடுத்து ஜீப் வாங்கப் போகிறேன் என்றதும் அம்மா ஒரு மாதம் போனில் பேசவில்லை. அந்த செகண்ட் ஹேண்ட் வண்டியை எனக்குப் பார்த்து வாங்கிக் கொடுத்தவர் குரூப்பைத் தொடங்கிய கேப்டன். ராணுவத்தில் இருந்தவர் இல்லை, நாங்கள் அப்படிக் கூப்பிடுவோம். ஹெப்பால் பக்கம் ஒரு ஒர்க்ஷாப் வைத்திருந்தார். சேற்றில் யாருடைய வண்டி மாட்டினாலும் முதலில் இறங்கித் தள்ளுகிறவர் அவர்தான். "நம்ம குரூப் ஒரு ஃபேமிலி சிஸ்டர்" என்று அடிக்கடி சொல்வார். அதைக் கேட்கும்போது ஊரைவிட்டு வந்தவளுக்கு இதமாகத்தான் இருக்கும்.

கேப்டன் பேசும்போதும் சர்வேயர் 'இருக்கட்டும்' என்றுதான் சொல்வார். எப்போதும் அவர் சந்தேகம் சரியாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கனகபுரா தாண்டி ஒரு காட்டுப் பாதையில் மாடு ஓட்டி வந்த ஒருவர் எங்களை மறித்து, "ஹோகபேடி சார், முந்தே ரோடு இல்லா" என்றார். போகாதீர்கள், மேலே பாதை இல்லை என்கிறார். நாங்கள் வண்டிகளைத் திருப்ப ஆரம்பித்தோம். சர்வேயர் மட்டும், "அந்தப் பக்கம் இவரோட மாடு மேயற எடம் இருக்கும், அதான் நம்மள விரட்டறாரு" என்று சொல்லிவிட்டு நேராகப் போனார். அரைக் கிலோமீட்டர் கூட இல்லை, பாதை உள்வாங்கியிருந்த இடத்தில் அவர் ஜீப் மூக்கு குத்தி நின்றது. அதே மாட்டுக்காரர்தான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டார். சர்வேயர் சேறும் சகதியுமாக இறங்கி அவரிடம் என்ன கேட்டார் தெரியுமா? "நான் மாட்டப்போறேன்னு தெரிஞ்சு டிராக்டரை ரெடியா வெச்சிருந்தியா?" கன்னடத்தில் கேட்டார். அந்த மனிதர் எங்களைப் பார்த்துத் தலையில் தட்டிக்கொண்டார்.

அப்படிப்பட்ட ஆள் திடீரென்று எனக்கு உதவி செய்ய வந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

சக்லேஷ்பூர் பக்கம் போயிருந்தபோது பனியில் நான் கூட்டத்திலிருந்து பிரிந்துவிட்டேன். போனில் சிக்னல் இல்லை. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்களா, பின்னால் வருகிறார்களா என்று தெரியாமல் ஒரு வளைவில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மற்ற வண்டிகளில் எல்லாம் சிபி ரேடியோ இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் யாரும் பேசிக்கொள்ள அரசாங்கம் விட்டுவைத்திருக்கிற அலைவரிசை அது. சில கிலோமீட்டர் தூரத்துக்கு, வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளலாம். என் வண்டியில் மட்டும் இல்லை. திரும்பி வந்து என்னைக் கண்டுபிடித்ததும் கேப்டன் சொன்னார்: "சிஸ்டர், இனிமே ரேடியோ இல்லாம வராதீங்க. நானே ஒரு செட் போட்டுடறேன்."

அதுவரை என்னிடம் ஷூவைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசியிராத சர்வேயர், "நான் கூட வர்றேன் மேடம். எஸ்.பி. ரோட்டுல பார்த்து வாங்கலாம்" என்றார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கேப்டனும் பார்த்தார்.

எஸ்.பி. ரோடு கடையில் அவர் செய்த அமர்க்களம் தனி. மைக்கிலேயே எல்லாப் பட்டன்களும் திரையும் இருக்கிற ஒரு செட் எனக்குப் பிடித்திருந்தது. பார்க்க அழகாக இருந்தது. அவர் என் கையில் ஒரு துணிக் கையுறையை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு சேனலை மாற்றச் சொன்னார். முடியவில்லை. பிறகு பெரிய திருகுகள் வைத்த, பழைய காலத்து டேப் ரெக்கார்டர் மாதிரி இருந்த ஒன்றைக் கொடுத்தார். கையுறையோடு சுலபமாகத் திருக முடிந்தது. "இந்தத் திருகு இரைச்சலை அடக்கறது. முழுசா அடக்கிடாதீங்க. தூரத்துல இருந்து கூப்பிடறவன் குரலும் சேர்ந்து போயிடும்," என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் அதற்குள் பெட்டியைத் திருப்பி டார்ச் அடித்து அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஏற்கெனவே தெறந்திருக்கு."

"பாய், சீல் பீஸ் ஹை," சீல் உடைக்காத பெட்டி என்றார் கடைக்காரர் கோபமாக.

"இருக்கட்டும். வேற எடுங்க. பவரை அஞ்சு வாட்டுக்கு மேல ஏத்தி வெச்சதா இருந்தா எனக்கு வேணாம், அது சட்டப்படி தப்பு."

மூன்றாவது பெட்டியைத்தான் ஒத்துக்கொண்டார். ஆன்டெனா வாங்கும்போதும் அப்படியே. மூங்கில் கிளை தட்டினால் வளைந்து நிமிர்கிறதா என்று அதைக் கடை வாசலில் வைத்து வளைத்து வளைத்துப் பார்த்தார். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது சொன்னார்: "ஃபிட்டிங் நானே பண்ணித் தர்றேன் மேடம். பீன்யாவுல ஃப்ரெண்ட் ஒருத்தரோட லேத் ஷெட் இருக்கு. டேஷ்போர்டு முழுக்கக் கழட்டணும். ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா வேணும்."

ஒரு ரேடியோ மாட்ட டேஷ்போர்டை எதற்கு முழுக்கக் கழற்ற வேண்டும்? குரூப்பில் மற்றவர்கள் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு பட்டை வைத்து இரண்டு ஸ்க்ரூவில் முடித்திருந்தார்கள். கேட்டேன். "வயர் எங்க போகுதுன்னு தெரியாம நான் எதையும் மாட்டமாட்டேன்," என்றார். பதில் சரிதான். ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து விவேக் நகரில் நான் குடியிருந்த வீட்டின் ஓனர் ஆன்ட்டி மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"உன் வண்டிக்கிட்ட காலைல ஒரு மீசைக்காரர் வந்தாரே, யாரு?"

"யாரு ஆன்ட்டி?"

"எனக்கென்ன தெரியும்? நீ ஆஃபீஸ் பஸ்ஸுக்குப் போன கொஞ்ச நேரத்துல வந்தாரு. தரையில படுக்காத குறையாக் குனிஞ்சு அடியில டார்ச் அடிச்சுப் பாத்தாரு. பின்கதவுக் கண்ணாடி வழியா உள்ள போட்டோ எடுத்தாரு. நான் பால்கனிலேர்ந்து யாருன்னு கேட்டேன். நமஸ்காரம் சொல்லிட்டுப் போயிட்டாரு."

மீசை, டார்ச் என்றதுமே சர்வேயர்தான் என்று புரிந்துவிட்டது. தனியாக இருக்கிற பெண். வண்டியின் பின்கதவில் போட்டோ எடுக்க என்ன இருக்கிறது? பழைய ஓனரின் நாய் பிறாண்டி வைத்த கோடுகளைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. கேப்டனுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லக்கூடாதுன்னு இருந்தேன் சிஸ்டர். அவர் ஆள் சரியில்ல. லேடீஸ் விஷயத்துல ஏற்கெனவே கம்ப்ளைண்ட் இருக்கு. நீங்க பீன்யாவுக்கெல்லாம் போகாதீங்க. வண்டிய நம்ம ஒர்க்ஷாப்ல கொண்டாந்து விடுங்க, நாளைக்கே ரேடியோ மாட்டிடலாம்."

நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டு, "ஆள் அனுப்பி வண்டிய எடுத்துக்கட்டுமா?" என்றார். வேண்டாம், நானே வருகிறேன் என்றேன். மறுபடியும் கூப்பிட்டார். ராத்திரி சாப்பிடும்போது மறுபடியும். ஒரு ரேடியோவுக்கு இத்தனை அவசரமா என்று அப்போதுதான் உறுத்தியது. அவர் சொன்ன 'கம்ப்ளைண்ட்' பற்றி குரூப்பில் இருந்த இன்னொரு பெண்ணிடம் கேட்டேன். அவள் அப்படி எதுவும் கேள்விப்பட்டதில்லை.

ஆக, ஒருவரை நம்பக் காரணமில்லை, இன்னொருவரையும் நம்பத் தோன்றவில்லை. என் வண்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பீன்யாவுக்கே போனேன். போகிற இடத்தை ஓனர் ஆன்ட்டியிடம் சொல்லி, கைப்பையில் பெப்பர் ஸ்ப்ரேயும் வைத்துக்கொண்டேன்.

நான் பயந்த மாதிரி அது ஒதுக்குப்புறமான இடம் இல்லை. ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. உள்ளே இரண்டு பேர் லேத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். சர்வேயர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு என் வண்டிக்குள் தலைகீழாகப் படுத்திருந்தார்.

முதலில் ரேடியோ வேலையைத்தான் செய்தார், அதைச் சொல்லியாக வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் இழுத்து, பேட்டரிப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போட்டார். வண்டியின் சாவியை எடுத்தாலும் ரேடியோ வேலை செய்யும் என்றார். ஆன்டெனாவை முன்பக்கத்தில் பட்டை வைத்து நிறுத்தினார். பிறகு ஒரு சின்ன மீட்டரை இடையில் மாட்டினார். நாம் பேசும்போது ஆன்டெனா வழியாக வெளியே போக வேண்டிய சக்தி எவ்வளவு போகாமல் திரும்பி வருகிறது என்று காட்டுகிற மீட்டர். முள் சிவப்புக் கோட்டிலேயே நின்றது. ஆன்டெனாவின் நீளத்தைக் கூட்டினார், குறைத்தார், இடம் மாற்றினார். முள் இறங்கவில்லை.

"பாடியில எர்த் கெடைக்கல," என்றார்.

"அப்படின்னா?"

"ஆன்டெனாவுக்கு வண்டியோட இரும்புதான் தரை மாதிரி. அந்த இரும்பு ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிட்டு இருக்கணும். உங்க வண்டியில தொடல. ஏன் தொடல?"

'ஏன்' என்று கேட்டபோது முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். பாலீஷ் போட்ட பெயிண்டை ஒரு இடத்தில் சுரண்டிக் காட்டினார். உள்ளே துரு பொரிந்துபோயிருந்தது. டேஷ்போர்டின் பிளாஸ்டிக்கை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். பின்னால் இருந்த வயர் முனைகளில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருந்தது. ஸ்பீடாமீட்டருக்குப் பின்னால் விரலை விட்டு எடுத்து என் உள்ளங்கையில் தேய்த்தார். காய்ந்த வண்டல். பவுடர் மாதிரி இருந்தது. கடைசியில் டிரைவர் சீட் பெல்ட்டை அதன் முடிவு வரைக்கும் இழுத்தார். நான் ஒருநாளும் அவ்வளவு தூரம் இழுத்ததில்லை. கடைசி ஒரு முழம், காப்பி கொட்டின மாதிரி பழுப்பாக இருந்தது.

"ஓடையில எறங்கினதால வந்திருக்கும் சார்," என்றேன்.

"ஓடைச் சேறு அடியில இருக்கும் மேடம். இது ஸ்டீயரிங் ஒசரத்துக்கு இருக்கு. இந்த வண்டி முழுகின வண்டி."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"மழையில லேஅவுட் எல்லாம் முழுகிச்சே, அப்ப பேஸ்மெண்ட்லேர்ந்து தூக்கினாங்க. நான்தான் சர்வே பண்ணேன். இனிமே ரோட்டுக்கு வரக்கூடாது, ஒடைச்சுத்தான் விக்கணும்னு எழுதிக் குடுத்தேன். அந்த ஓனரோட நாய் பின்கதவுல பிறாண்டி வெச்சிருந்துச்சு. நீங்க குரூப்புக்கு வந்த முதல் நாளே அந்தக் கதவைப் பார்த்துட்டேன். அந்தக் காலைல உங்க வீட்டுக்கிட்ட வந்ததும் அதை சரிபார்க்கத்தான். உங்க ஆர்.சி.ல இருக்கற சேசிஸ் நம்பர் இந்த வண்டியோடது இல்ல. வேற ஏதோ வண்டியோட நம்பரை இதுல அடிச்சிருக்காங்க. யாரு குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வாங்கினீங்களா?"

"என்ன சார் பேசறீங்க? தெரிஞ்சு யாராவது வாங்குவாங்களா?"

"நெறையப் பேர் வாங்குவாங்க."

கோபம் தலைக்கேறியது. "ரேடியோ மாட்டறேன்னு சொல்லி என்னை வேவு பார்க்கத்தான் வந்தீங்களா?"

"ரேடியோ மாட்டவும்தான் வந்தேன்," என்றார், ரொம்ப சாதாரணமாக.

அதை மாட்டியும் முடித்தார். தடிமனான ஒரு செம்புப் பட்டையை ஆன்டெனாப் பட்டையிலிருந்து நேராக சேசிஸுக்கு இழுத்துக் கட்டினார். மீட்டர் முள் இறங்கியது. தன் ஜீப்பில் போய் உட்கார்ந்து, "கேக்குதா மேடம்?" என்றார். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல வந்தது. நான் மைக்கைக் கொக்கியிலேயே விட்டுவிட்டேன். அவர் திரும்பி வந்து, "வண்டிய இங்கயே விட்டுட்டு ஆட்டோவுல போங்க. அந்தப் பச்சை பிடிச்ச வயரை நம்பி ஓட்டாதீங்க," என்றார்.

என் வண்டியை இவரிடம் விட்டுவிட்டா? மாட்டேன் என்றேன். பிளாஸ்டிக்கை எல்லாம் அவர் திரும்பப் பொருத்தும் வரை பக்கத்திலேயே நின்றேன். பொருத்தியதும் கிளம்பிவிட்டேன். அவர் தடுக்கவில்லை. வாசலில் நின்று, நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தும்கூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தபோது அழுகை அழுகையாக வந்தது. வெயில் வேறு. ஏசியை முழுசாக வைத்தேன். யஷ்வந்த்பூர் தாண்டியதும் ஏதோ தீய்கிற வாசனை. பக்கத்து ஃபேக்டரிப் புகை என்று நினைத்தேன். அப்போது ரேடியோவில் அவர் குரல்.

"மேடம், இடதுபக்கம் ஒதுக்குங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு வண்டி தள்ளிப் பின்னால் அவருடைய ஜீப்.

"உங்க வண்டிலேர்ந்து பொகை வருது. ஒதுக்குங்க. சாவிய எடுங்க. ஒண்ணும் எடுக்காதீங்க, பையெல்லாம் வேணாம். எறங்கும்மா! எறங்கு!"

ஏசி வருகிற ஓட்டைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை வர ஆரம்பித்திருந்தது. வண்டியை எப்படி ஓரம் கட்டினேன், எப்படி இறங்கினேன் என்று இப்போதும் எனக்கு நினைவில்லை. பஸ் ஸ்டாப் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் நினைவிருக்கிறது. அவர் ஓடி வந்து பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைப் பிடுங்கி எறிந்தார். தன் வண்டியிலிருந்த தீயணைப்பானை டேஷ்போர்டுக்கு அடியில் அடித்தார். தீ பிடிக்கவில்லை. உருகின பிளாஸ்டிக் மட்டும் கோந்து மாதிரி கால் வைக்கிற இடத்தில் வழிந்திருந்தது.

அவர் தன் ஜீப்புக்குப் போய் வந்தார். தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"எனக்காகவா பின்னாடி வந்தீங்க சார்?" என்றேன்.

"இல்ல. மேக்ரி சர்க்கிள்ல நீங்க ஹெப்பால் பக்கம் திரும்பறீங்களான்னு பாக்க வந்தேன்."

ஹெப்பாலில்தான் கேப்டனின் ஒர்க்ஷாப். இதைக் கேட்டதும் மறுபடியும் கோபம் வந்தது. ஆனால் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"அங்கதான் போயிருப்பேன். போய் அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன்."

"இருக்கட்டும்," என்றார்.

அடுத்த வாரம் அவர் கம்பெனிக்கு எழுதினார். கம்பெனி போலீஸுக்குப் போனது. என் வண்டியை, ரேடியோவோடு சேர்த்து, ஸ்டேஷன் வளாகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கேப்டனின் ஒர்க்ஷாப்பில் இன்னும் சில முழுகின வண்டிகள் நம்பர் மாற்றி நின்றன என்று தெரியவந்தது. அவர் கைதாகிச் சீக்கிரமே ஜாமீனில் வந்தார். குரூப்பின் வாட்ஸப்பில் சர்வேயரைத் துரோகி என்று எழுதினார்கள். சோறு போட்ட கையைக் கடித்தவர் என்றார்கள். உண்மையில் சோறு போட்டது சர்வேயரின் மனைவி, சாப்பிட்டது நாங்கள். அவரைக் குரூப்பை விட்டு நீக்கினார்கள். யார் யாரோ போன் போட்டுத் திட்டினார்கள். கம்பெனியும் அவருக்குக் கொடுக்கிற வேலையைக் குறைத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டேன்.

என்னை விசாரணைக்குக் கூப்பிட்டபோது ஓனர் ஆன்ட்டி கூட வந்தார். இன்ஸ்பெக்டர் கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். தன்மையான மனிதர்.

"உங்க குரூப்ல ஒவ்வொருத்தரையா கேட்டேன்மா. எல்லாருமே நிமகே கொத்து, உங்களுக்குத் தெரியும்னுதான் சொல்றாங்க. முழுகின வண்டின்னு தெரிஞ்சு, வெலை கம்மின்னு வாங்கினீங்களாம்."

"யாரு சார் சொன்னது?"

அவர் பெயர்களைச் சொன்னார். பனியில் என்னைத் தேடி வந்தவர்கள். என் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியவர்கள். அதில் ஒருத்தியின் குழந்தையை நான் ஒரு வாரம் ஸ்கூலுக்கு அழைத்துப் போய் விட்டிருக்கிறேன். கேப்டனைக் காப்பாற்ற வேண்டுமானால் ஏமாந்தவள் என்று ஒருத்தி இருக்கக்கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

"சர்வேயர் என்ன சார் சொன்னார்?" என்று கேட்டேன். கேட்கும்போதே பயமாக இருந்தது. எல்லோரையும் சந்தேகப்படுகிற ஆள். ஹெப்பாலுக்குத்தான் போயிருப்பேன் என்று என் வாயாலேயே அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

"அவரா? நான் கேட்ட உடனே அவங்க வண்டியத் தெறக்க விட்டாங்க, அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னார். ரெண்டு தடவ கேட்டேன். அதையேதான் சொன்னார்."

என்னைச் சாட்சியாகச் சேர்த்து அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவரைப் பார்க்கவில்லை. போன் போட்டால் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. நீலசந்திரா வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. ஓசூர்ப் பக்கம் மகள் வீட்டுக்கு மாறிவிட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

பிறகு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், விவேக் நகர் கோவில் கூட்டத்தில் அவர் மனைவிதான் என்னை முதலில் பார்த்தார். வேண்டுதல் இருந்ததாம், வந்திருந்தார்கள். சர்வேயர் மெலிந்திருந்தார். மீசை வெளுத்திருந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்தேன். கேஸ் இன்னும் நடக்கிறது என்றேன். தெரியும் என்றார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கடைசியில் கேட்டேவிட்டேன்.

"சார், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அன்னைக்கே நம்பினீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "இல்லம்மா."

"இப்ப?"

"இப்பவும் முழுசா இல்ல."

"போயும் போயும் இவர்கிட்ட கேக்கறியே," என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் விடவில்லை. "அப்புறம் ஏன் சார் போலீஸ்ல அப்படிச் சொன்னீங்க? என்னை நம்பினவங்க எல்லாரும் மாத்திச் சொன்னாங்க. நீங்களும் சொல்லியிருக்கலாமே?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். இதையெல்லாமா ஒரு கேள்வியாகக் கேட்பார்கள் என்பது மாதிரி.

"நான் பாக்கலையேம்மா. நீ தெரிஞ்சு வாங்கினத நான் கண்ணால பாக்கல. எனக்கு வர்ற சந்தேகம் என்னோட தொந்தரவு. அதை எப்படி உன் பேர்ல எழுதறது?"

ஓசூர் பஸ்ஸைப் பிடிக்க மடிவாளா போக வேண்டும் என்றார்கள். அவர்கள் ஏற வேண்டிய டவுன் பஸ் தூரத்தில் தெரிந்தது. நான் போனை எடுத்தேன்.

"சார், உங்க புது நம்பர் குடுங்க. அடுத்து ஏதாவது வண்டி வாங்கினா உங்களைக் கேக்காம வாங்கமாட்டேன்."

அவர் என் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ் வந்து நின்றது. மனைவியை முதலில் ஏற்றிவிட்டு, படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"உன் நம்பரைச் சொல்லு. நானே கூப்பிடறேன்."

சொன்னேன்.